மட்டக்களப்பின் வடக்கிலிருந்து பொத்துவில் வரை, தனியாக ஒரு ஸ்கூட்டரில்

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். கொழும்பில் வேலை, ஐந்து நாள் லீவு, 110 சிசி ஸ்கூட்டர், கூட வர ஆள் இல்லை. மட்டக்களப்புக்கு வடக்கே வாகரைப் பக்கம் தொடங்கி, களப்பு, வாவி, குளம், சின்ன ஊர்கள் என்று பார்த்துக்கொண்டு தெற்கே பொத்துவில் வரை போக ஆசை. கடைசியில் "தனியப் போறது பாதுகாப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் காலை ஏழு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற அதே வீதியில் மாலை ஆறரைக்கு யானை ஏறும். ஆகவே இடத்தை மட்டும் சொல்லிப் பாதுகாப்பா என்று கேட்டால் பதில் கிடையாது. எந்த நேரத்தில் எங்கே நிற்கலாம் என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். வாகனேரி, உன்னிச்சை, உறுகாமம், நவகிரி என்று குளக்கட்டுகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் மோட்டார் சைக்கிளில் திரிந்துதான் என் உத்தியோக காலம் போனது. அம்பாறைப் பக்கமும் சில வருடங்கள் இருந்தேன். தண்ணீர், மழை, வீதி, யானை பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு பெண் தனியாக வரும்போது கடையிலும் விடுதியிலும் எப்படி இருக்கும் என்பதை, என்னோடு வேலை செய்த பெண் உத்தியோகத்தர்களும் என் மருமகளும் சொல்லித்தான் அறிவேன். அந்தப் பகுதியைக் கேள்விப்பட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம், விடுதி, ரயில் நேரம் எல்லாம் மாறுபவை. அவற்றை நீங்கள் புறப்படுகிற கிழமையில் விசாரிக்க வேண்டும்.

கொழும்பிலிருந்து ஸ்கூட்டரிலேயே வருகிற எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடிக் களைத்து, மன்னம்பிட்டி தாண்டி வெலிக்கந்தை, புனாணைக் காட்டுக்குள் வரும்போது பொழுது சாய்ந்துவிடும். அந்தத் துண்டு முழுவதும் யானை கடக்கிற இடம். கொழும்புக் கோட்டை ஸ்டேசனிலிருந்து மட்டக்களப்புக்கு ரயில் ஓடுகிறது. ஸ்கூட்டரை அதில் பார்சலாக அனுப்ப முடியுமா என்று ஸ்டேசனில் கேளுங்கள், இல்லாவிட்டால் மட்டக்களப்பில் வாடகைக்கு எடுங்கள்.

மாதத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. கார்த்திகை, மார்கழி, தை மூன்றும் வடகீழ்ப் பருவமழைக்காலம். கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகிற வீதி வெள்ளத்தில் மூழ்கி, சனம் படகில் கடப்பது வருடா வருடம் நடக்கிறது. உன்னிச்சைக் குளத்தில் மிகை நீரை வெளியே விடுகிற வான்கதவு திறந்தால் கீழே உள்ள தாழ்ந்த இடங்களிலும் அதே நிலைதான். மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை வாருங்கள். மாரி மழையில் நிரம்பிய குளம் அப்போது முட்ட நிற்கும், வட்டை என்று நாங்கள் சொல்கிற வயல்வெளிகளில் மாரிகாலப் பெரும்போக நெல் வெட்டு நடக்கும், வெயிலும் இன்னும் முற்றியிராது. ஆனி தொடக்கம் ஆவணி வரை கச்சான் காற்று. மத்தியானத்துக்குப் பிறகு மேற்கிலிருந்து சூடாக அடிக்கும், பாலங்களிலும் வெட்டவெளியிலும் ஸ்கூட்டரைப் பக்கவாட்டில் தள்ளும். வெயில்கால நெல்லான சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்ட பிறகு, ஆவணியில் பல குளங்களில் நடுவில் மட்டும்தான் நீர் கிடக்கும். ஆனால் அந்த மிச்ச நீரைத் தேடி யானையும் பறவையும் கூடுவதால், அவற்றைப் பார்க்க அதுவே நல்ல காலம். நிறைந்த குளம் பார்க்க வருகிறீர்களா, உயிரினம் பார்க்க வருகிறீர்களா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இனி நிலத்தின் அமைப்பு. மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமாகக் கிடக்கிறது. பாலமீன்மடுவிலும் கோட்டைக்கல்லாற்றிலும் முகத்துவாரம். வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை. பிரதான வீதி, பஸ், ஆசுபத்திரி, வங்கி, விடுதி எல்லாம் அங்கேதான். வாவிக்கு மேற்கே படுவான்கரை: வயல், குளம், மாட்டுப்பட்டி, அதற்கு அப்பால் காடு. இரண்டையும் வலையிறவுப் பாலம், மண்முனைப் பாலம், பட்டிருப்புப் பாலம் ஆகிய மூன்றும் இணைக்கின்றன. மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தது. அதற்கு முன் அங்கே பாதையில் ஏறித்தான் கடந்தோம். பாதை என்று நான் சொல்வது ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவையை. உங்கள் ஐந்து நாளுக்கும் நான் சொல்லும் ஒழுங்கு ஒன்றுதான்: காலையில் படுவான்கரை, இரவில் எழுவான்கரை. மாலை நான்கு மணிக்கு ஸ்கூட்டரின் முகம் ஏதாவதொரு பாலத்தைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். படுவான்கரையில் விடுதி தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

முதல் நாளை வடக்குக்கு வையுங்கள். மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, கிரான், வாழைச்சேனை வரை ஊருக்குப் பின் ஊர் வந்துகொண்டே இருக்கும். வாழைச்சேனையிலோ ஓட்டமாவடியிலோ பெற்றோல் நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்கு வடக்கே செட் அரிது. ஓட்டமாவடிப் பாலம் தாண்டியதும் வீதி வெறித்துப் போகும். இடப்பக்கம் பற்றைக்காடு, வலப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத கடல். மாங்கேணி கழிய வருகிற பனிச்சங்கேணிப் பாலத்தில் ஆறுதலாக நில்லுங்கள். அங்கே உப்பாறுக் களப்பு கடலைத் தேடி வருகிறது. காலை எட்டு மணிக்கு முன் போனால், இரவு வலை போட்டவர்கள் கரைக்கு வரும் நேரம். தோணிக்காரரிடம் "என்ன பட்டது அண்ணன்?" என்று கேட்டால் போதும், மிச்சத்தை அவரே சொல்வார். இறால், நண்டு, மீன் மூன்றுக்கும் அங்கே வேறு வேறு நேரமும் வேறு வேறு வலையும் இருக்கின்றன.

வாகரைப் பகுதியில் தமிழ் பேசும் கரையோர வேடர் சமூகத்தினர் பரம்பரையாக வாழ்கிறார்கள். மீன்பிடியும் காடும் சேர்ந்த வாழ்க்கை. அவர்களைத் தேடிப் போய்ப் படம் எடுப்பதை ஒரு நிகழ்ச்சியாக்க வேண்டாம். தேத்தண்ணிக் கடையில் சந்தித்தால் பேசுங்கள், அவ்வளவுதான். 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் போரினால் வாகரை முழுவதும் இடம்பெயர்ந்தது. இன்று நீங்கள் பார்க்கும் வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு எழுந்தவை. வயதானவர்கள் தாமாகச் சொன்னால் இருந்து கேளுங்கள், நீங்களாகத் தோண்டிக் கேட்காதீர்கள்.

வாகரைக்கு வடக்கே கதிரவெளி. அங்கே குரங்குபடையெடுத்த வேம்பு என்ற இடத்தில் பெருங்கற்காலப் புதைகுழிகளின் கற்பலகைகள் கிடக்கின்றன. பெயருக்குப் பின்னால் இராமாயணக் கதை ஒன்றை ஊரார் சொல்வார்கள். கதை கதையாக இருக்கட்டும், கற்கள் மெய்யாகவே மிகப் பழையவை. வழி கேட்டு, ஊர் ஆள் ஒருவரோடு போவது நல்லது. அதற்கு அப்பால் வெருகல் ஆறு. மகாவலியின் கிளை அது. மட்டக்களப்பு மாவட்டம் அங்கே முடிந்து திருகோணமலை மாவட்டம் தொடங்குகிறது. வெருகல் முருகன் கோயிலடியில் மர நிழலும் குளிர்ந்த காற்றும் உண்டு, மத்தியானச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பிலிருந்து வெருகல் எண்பது கிலோமீற்றரை ஒட்டி வரும். வீதி நல்லது என்பதால் இரண்டு மணிக்குத் திரும்பினால் நேரத்தோடு பாசிக்குடாவுக்கோ கல்குடாவுக்கோ வந்துவிடலாம். பாசிக்குடாவில் கடல் வெகுதூரம் இடுப்பளவுதான். இந்தப் பயணத்தில் நான் தயங்காமல் இறங்கிக் குளியுங்கள் என்று சொல்லக்கூடிய ஒரே கடல் அதுதான்.

குடும்பிமலைக்கும் போக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அழகான மலை, மறுக்கவில்லை. ஆனால் கிரானிலிருந்து உள்ளே போகிற வீதியில் ஆள் நடமாட்டம் குறைவு, ரயர் காற்றுப் போனால் உதவிக்கு வர நேரமாகும். தனியே, சின்னச் சக்கர ஸ்கூட்டரில், முதல் தடவையாகப் போக வேண்டாம். அடுத்த முறை இரண்டு பேராக வாருங்கள்.

இரண்டாம் நாள் படுவான்கரை. வலையிறவுப் பாலத்தால் வவுணதீவுக்கு ஏறி, ஆயித்தியமலை வழியாக உன்னிச்சைக் குளத்துக்குப் போங்கள். மட்டக்களப்பு நகரில் குழாயைத் திறந்தால் வருவது இந்தக் குளத்துத் தண்ணீர். அதைச் சுத்திகரிக்கிற நிலையம் வவுணதீவில் இருக்கிறது. குளத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கட்டில் ஏறி ஒரு படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். நீங்கள் ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள். கட்டின் நீர்ப்பக்கத்தில் பதித்திருக்கும் கல், அலை மண்ணை அரிக்காமல் இருப்பதற்கு. மதகு நீரை அளந்து வாய்க்காலுக்கு விடுகிற இடம். வான், குளம் தாங்காத நீரை வழிய விடுகிற இடம். கட்டு வலிமையாக இருந்தும் வான் போதாமல் உடைந்த குளங்கள் உண்டு, அதனால் மாரி காலத்தில் எங்கள் கண் முழுவதும் வானில்தான் இருக்கும். கட்டுக்குக் கீழே வயல். எதிர்க்கரையில் நீரேந்து காடு. அந்தக் காடு நீரைத் தொடுகிற ஓரத்துக்குத்தான் யானை வரும். பட்டமரங்களில் நீர்க்காகம் சிறகு விரித்துக் காயும், ஆழமில்லாத ஓரத்தில் நாரையும் கூழைக்கடாவும் நிற்கும். காலை ஒன்பது மணிக்குள் போனால் இதெல்லாம் தெளிவாகத் தெரியும். பிறகு வெயில் நீரில் பட்டுக் கண் கூசும்.

ஸ்கூட்டரைக் கட்டின் மேல் ஓட்டாதீர்கள். பல இடங்களில் அதற்கு அனுமதி இல்லை, அனுமதி உள்ள இடத்திலும் சரளைக்கல் சறுக்கும். மதகடியில் குளிக்கவே கூடாது. மேலே நீர் அசையாமல் கிடக்கும், அடியில் இழுப்பு இருக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையே அது இழுத்ததை என் உத்தியோகத்தில் கண்டிருக்கிறேன். குளத்தில் முதலை இருக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். எல்லாப் பெரிய குளத்திலும் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வாவியில் இருப்பது உவர்நீர் முதலை, அது இன்னும் பெரியது. ஊர்ப் பெண்கள் குளிக்கிற படித்துறையில், அவர்கள் குளிக்கிற நேரத்தில், அவர்களோடு சேர்ந்து குளியுங்கள். அந்த இடத்தை அவர்கள் சும்மா தெரிவு செய்திருக்க மாட்டார்கள்.

உன்னிச்சையிலிருந்து இறங்கி, வாவிக்கு மேற்குக் கரையால் கொக்கட்டிச்சோலைக்கு வாருங்கள். தான்தோன்றீசுவரர் கோயில் அங்கே. அந்நியர் கோயிலை இடிக்க வந்தபோது கல் நந்தி எழுந்து புல் தின்றது என்பது ஊர் ஐதீகம். இன்றைக்கும் அதைச் சொல்லும்போது கிழவிகளின் குரல் மாறும். வழியில் சட்டித் தயிர் விற்கிற வீடுகள் இருக்கும். எருமைத் தயிரும் கித்துள் பாணியும் கிடைத்தால் மத்தியானச் சாப்பாடே வேண்டாம். பிறகு மண்முனைப் பாலத்தால் எழுவான்கரைக்கு ஏறி மட்டக்களப்பில் தங்கலாம். இரவு கல்லடிப் பழைய பாலத்தில் நடக்கலாம். 1924இல் திறந்த பாலம், வாகனங்கள் இப்போது பக்கத்திலிருக்கும் புதுப் பாலத்தால் போகின்றன. பாடுமீனைக் கேட்க முடியுமா என்று எல்லோரும் கேட்பார்கள். வாவியின் அடியிலிருந்து ஒலி வருவதைப் பலர் கேட்டிருக்கிறார்கள், அது உண்மை. மீனா, சிப்பியா, நத்தையா என்பது இன்னும் தீர்ந்தபாடில்லை. நிலவு நாளில், காற்றில்லாத இரவில், தோணியிலிருந்து துடுப்பை நீருக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்பதுதான் பழைய முறை. பாலத்தின் மேல் நின்று கேட்கும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

யானையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் பயணத்தில் உண்மையான ஆபத்து மனிதரைவிட அதுதான். மாலை ஐந்தரையிலிருந்து காலை ஆறரை வரை, காடும் வயலும் சேர்கிற எந்த வீதியிலும் ஓடக் கூடாது. மின்வேலி இருக்கிறதே என்று நம்பாதீர்கள். மரத்தைத் தள்ளி வேலியில் போட்டுவிட்டு ஏறி வரத் தெரிந்த யானைகள் இருக்கின்றன. வீதியில் ஈரம் காயாத லத்தி, புதிதாக முறிந்த கிளை, தூரத்தில் யானை வெடிச் சத்தம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் கேட்டாலும் அங்கேயே நின்று, வருகிற உழவு மெசினோடோ பஸ்ஸோடோ சேர்ந்து போங்கள். யானை வீதியில் நின்றால் நூறு மீற்றருக்கு மேல் தள்ளி நிறுத்தி, முதலில் ஸ்கூட்டரைத் திருப்பி வைத்துக்கொண்டு, இயந்திரத்தை நிற்பாட்டாமல் காத்திருங்கள். கோன் அடிக்க வேண்டாம், படம் எடுக்கக் கிட்டப் போக வேண்டாம், வாழைப்பழம் எறிய வேண்டவே வேண்டாம். சாப்பாடு எறிந்து பழக்கிய யானைதான் அடுத்த வண்டியை மறிக்கிறது. "இந்த ஆன ஒண்டும் செய்யாது" என்று யாராவது சொன்னால் அது அவருடைய நம்பிக்கை மட்டும். தனியனாகத் திரிகிற ஆண் யானையின் மனநிலையை முன்கூட்டிச் சொல்லக்கூடிய ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. கைப்பேசி வரைபடம் குறுக்கு வழி என்று வாய்க்கால் கட்டு வீதிகளைக் காட்டும், அதைக் கேட்காதீர்கள். பத்துக் கிலோமீற்றர் கூடினாலும் பஸ் ஓடுகிற வீதியால் போங்கள்.

மூன்றாம் நாள் காலை தெற்கே திரும்பி, களுவாஞ்சிகுடியில் பட்டிருப்புப் பாலத்தால் மேற்கே ஏறி, வெல்லாவெளி வழியாக மண்டூர் போகலாம். மண்டூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். பூசகர் கதிர்காமத்தைப் போல வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார். அங்கிருந்து குருமண்வெளிக்குப் பாதையில் கடக்கும் வழி உண்டு. ஸ்கூட்டரோடு வாவியின் நடுவில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே மண்டூரைச் சேர்க்கச் சொல்கிறேன். பாதை ஓடுகிறதா என்று மண்டூர்ச் சந்தியில் கேட்டுவிட்டுத் துறைக்குப் போங்கள், இல்லாவிட்டால் வந்த பாலத்தாலேயே திரும்பலாம்.

பிறகு கல்லாறு, பெரியநீலாவணை, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு. ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாத நெருக்கம். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். மருதமுனையில் கைத்தறிச் சாரம் பாருங்கள், தறி ஓடுகிற வீட்டில் கேட்டால் உள்ளே விட்டுக் காட்டுவார்கள். காரைதீவு 1892இல் சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர். வெள்ளிக்கிழமை மத்தியானம் முஸ்லிம் ஊர்களில் கடைகள் பூட்டியிருக்கும், நோன்பு மாதத்தில் பகல் முழுவதும் சாப்பாட்டுக் கடை திறக்காது. அதைத் தெரிந்துகொண்டு வந்தால் பசியோடு அலைய வேண்டியதில்லை. 2004 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கரையோரம் நினைவுத் தூண்களைக் காண்பீர்கள். அவற்றின் முன்னால் சிரித்துக்கொண்டு செல்பி எடுக்கிறவர்களைக் கண்டு ஊரார் மனம் நோகிறார்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். இந்தப் பிரதான வீதியில் யானைப் பயம் குறைவு, இரவில் கட்டாக்காலி மாடுகள்தான் ஆபத்து. தார் வீதியின் சூட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளும், கறுப்பு மாடு வெளிச்சத்தில் தெரியாது. வெட்டுக் காலத்தில் வீதியில் காயப் போட்ட நெல்லும் வைக்கோலும் சேர்ந்துகொள்ளும். அதன் மேல் பிறேக் பிடித்தால் ஸ்கூட்டர் கவிழும்.

காரைதீவிலிருந்து சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குத் திரும்புங்கள். இரு பக்கமும் அடிவானம் வரை வட்டை. அந்த நெல்லுக்குத் தண்ணீர் வருவது இங்கினியாகலையிலிருந்து. பட்டிப்பளை ஆற்றை மறித்து 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கம் அது. கொள்ளளவு 770,000 ஏக்கர் அடி; ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கிற நீர்தான் ஓர் ஏக்கர் அடி. என் தொழிலில் இருந்த எவரும் அந்த அணையில் நின்று மலைக்காமல் திரும்பியதில்லை. அந்தத் திட்டத்தோடு வந்த குடியேற்றத்தின் கதையும், 1956இல் அங்கே தமிழர் மீது நடந்த வன்செயலும் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு மறக்கவில்லை. தண்ணீரைப் பார்க்கும்போது அதையும் தெரிந்து பார்ப்பது நல்லது. அம்பாறை நகரில் தங்கி, விடிந்ததும் இங்கினியாகலைக்குப் போய்ப் படகேறுங்கள். கல்லோயா தேசியப் பூங்கா 1954இல் அமைந்தது. தீவுகளுக்கிடையே யானை நீந்துவதைப் பங்குனியிலிருந்து ஆடி வரை காண வாய்ப்புண்டு, ஆனால் வாய்ப்பு மட்டும்தான். படகுக் கூலி முழுப் படகுக்கும் என்பதால் தனியாளுக்குப் பாரம். முதல் நாள் மாலையே விடுதியில் சொல்லி வைத்தால் வேறு ஆட்களோடு சேர்த்துவிடுவார்கள். அம்பாறையிலிருந்து இங்கினியாகலை போகிற வீதியில் யானை உண்டு. விடியற்காலைப் படகுக்கு ஸ்கூட்டரில் இருட்டோடு புறப்படாமல் ஓட்டோ பிடியுங்கள்.

நான்காம் நாள் படகால் இறங்கி, இறக்காமம் வழியாக அக்கரைப்பற்றுக்கு. இறக்காமம் குளமும் அம்பாறைக் குளமும் பழைய குளங்கள், 1850களில் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் திருத்தப்பட்டவை. இறக்காமத்தில் தாமரையும் தோணிகளும் வீதியோரத்திலேயே கிடைக்கும், இறங்கி நடக்க வேண்டியதில்லை. அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி, பொத்துவில். திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோயில் கடலோடு ஒட்டி நிற்கிறது. அந்தக் கடலில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நடைபயணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் பக்கத்தில் அதற்கென்று அம்புக்குறி நட்ட வழி கிடையாது. ஆனால் யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் தொடங்கி முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை, குமணைக் காடு வழியாகக் கதிர்காமம் போகிற பாதயாத்திரை வழி இருக்கிறது. நான் மேலே சொன்ன ஊர்களைத் திரும்பிப் பாருங்கள், நீங்கள் ஸ்கூட்டரில் போவது பெரும்பாலும் அந்த வழியேதான். தண்ணீர், நிழல், படுக்க மடம் இருக்கிற இடங்களை நடந்து போனவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். கதிர்காம ஆடித் திருவிழாவை ஒட்டி உகந்தையிலிருந்து காட்டுவழி சில நாட்களுக்குத் திறக்கும். அந்த நேரத்தில் வந்தால் பொத்துவிலில் ஸ்கூட்டரை விட்டுவிட்டு, பாணமையிலிருந்து உகந்தை வரை ஒரு நாள் அடியார்களோடு நடக்கலாம். வயதான அம்மாமார் கூட்டமாகப் போவார்கள். "எங்களோட வா மகள்" என்று அவர்களே சேர்த்துக்கொள்வார்கள்.

பொத்துவிலுக்குத் தெற்கே போவதென்றால் பெற்றோல் நிரப்பிக்கொண்டு போங்கள். பாணமைக்கு அப்பால் உகந்தை வரை கிரவல் வீதி, மழை பெய்திருந்தால் ஸ்கூட்டருக்குக் கடினம். குமணைப் பூங்காவுக்குள் மோட்டார் சைக்கிளை விடமாட்டார்கள், ஜீப்தான். மொனராகலை வீதியில் லகுகலைக் குளத்தை வீதியிலிருந்தே பார்க்கலாம், அங்கே வளரும் ஒரு வகைப் புல்லுக்காகவே யானைக் கூட்டம் வரும். வீதியில் அதிக நேரம் நிற்காமல், காலை எட்டு மணிக்கு மேல் போய் வாருங்கள். ஐந்தாம் நாள் பொத்துவிலிலிருந்து நேரே கரையோர வீதியால் மட்டக்களப்புக்கு நூறு கிலோமீற்றரை ஒட்டிய தூரம். மத்தியானத்துக்குள் புறப்பட்டால் இருட்டுக்கு முன் வந்து ஸ்கூட்டரை ஒப்படைத்து, ரயிலைப் பிடிக்கலாம்.

பெண்ணாகத் தனியே வருவது பற்றி, நான் கண்டதும் கேட்டதும் இது. ஸ்கூட்டரில் போகிற பெண் எங்கள் பக்கத்தில் புதினமில்லை. ஆசிரியைமார், தாதிமார், கச்சேரி உத்தியோகத்தர் எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள், முஸ்லிம் ஊர்களிலும் அதே காட்சிதான். ஓடும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நிறுத்தினால் கேள்வி வரும்: "எந்த ஊர் மகள்? ஆர்ட வீட்டுக்கு வந்த?" பெரும்பாலும் அது அக்கறைதான். ஆனாலும் இரவு எங்கே தங்குகிறீர்கள் என்பதை ஆண்களிடம் சொல்ல வேண்டாம் என்பது என் மருமகளின் ஒழுங்கு. அடுத்த ஊரில் மாமி வீடு இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். வழி கேட்பதென்றால் கடைக்குள் நிற்கிற பெண்ணிடமோ ஆசுபத்திரி வாசலிலோ கேட்பாள். பொத்துவிலை ஒட்டிய அறுகங்குடாவில் அலைச்சறுக்கு சீசன் காலத்தில் வெளிநாட்டுப் பெண்கள் தனியே திரிவது சாதாரணம். இருந்தும் இரவுக் கடற்கரையில் குடிபோதை ஆட்கள் இருப்பார்கள், உள்ளூர்க் கிராமங்களைவிட அங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும் என்று அவள் சொல்வாள். கோயிலுக்கும் பள்ளிவாசல் வட்டாரத்துக்கும் பொருந்துகிற உடுப்பு ஒன்றும், தலைக்குப் போட ஒரு சால்வையும் போதும்.

லைசன்ஸ், இன்சூரன்ஸ், வாகன வருமான வரிப்பத்திரம், அடையாள அட்டை நான்கையும் கையோடு வையுங்கள். வாகரைக்கும் உகந்தைக்கும் போகும்போது ரயர் பஞ்சர் ஒட்டுகிற சாமானும் இரண்டு லீற்றர் தண்ணீரும் கட்டாயம். அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119, வெள்ள நிலவரம் கேட்க அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. காட்டோரங்களில் சிக்னல் விடும் என்பதால், ஒவ்வொரு நாள் காலையும் எந்த வழியால் போய் எத்தனை மணிக்கு எங்கே சேர்வேன் என்று வீட்டில் ஒருவருக்கும் தங்குகிற விடுதிக்காரருக்கும் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். எந்த மாதம் வருவதாக உத்தேசம் என்று எழுதுங்கள். அந்த மாதத்தில் எந்தக் குளத்தில் நீர் நிற்கும், எந்த வீதியை விட்டு எதைப் பிடிக்கலாம் என்று இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.